சர்க்கரை இல்லை என்று சொன்ன டப்பா

எங்கள் அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லென்ஸ் அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். மருந்துப் பாட்டில், சோப்பு உறை, சாஸ் பாட்டில் இதற்கெல்லாம் லேபிள் அச்சடிக்கிற இடம் அது. இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு லேபிளையும் லென்ஸ் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை பார்ப்பது அக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறார். ஒரு தடவை குழந்தைகளுக்கான இருமல் மருந்தில் ஐந்து மில்லி என்பது ஐம்பது மில்லி என்று வந்திருந்தது. மருந்துக் கம்பெனியில் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். அக்கா கண்ணில்தான் மாட்டியது. அவர் பார்த்து முடித்து அச்சாகி வருவதை வெட்டி அனுப்புகிற இயந்திரம் என்னுடையது. இரண்டு பேர் மேசைக்கும் நடுவில் பத்தடி இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு கூர்மையான மனுஷியை ஊர் எதை வைத்து எடை போட்டது தெரியுமா? எடையை வைத்துத்தான்.

நூற்று இருபத்தாறு கிலோ. முழங்கால் தேய்ந்துவிட்டது. சர்க்கரை வியாதி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், அதற்கு மூக்கில் ஒரு கருவி. பதினைந்து வருடத்தில் அவர் இருக்காத பத்தியம் கிடையாது. நாங்கள் எல்லாம் வயிறு முட்டச் சாப்பிடும்போது அவர் டப்பாவில் வேகவைத்த காய் நாலு துண்டு கிடக்கும். இதை நான் கண்ணால் பார்த்தவள். பன்னிரண்டு கிலோ இறங்கும், அடுத்த வருடம் பதினாலு கிலோ ஏறும். அந்த நாலு துண்டைப் பார்த்தவர்கள்கூட, "வீட்டுக்குப் போய் ஒரு வெட்டு வெட்டுவாங்க போல" என்று சிரித்தார்கள். ஒரு நாள் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் எனக்கு மரியாதை இல்லை.

கடைசியில் ஒரு டாக்டர்தான் நியாயமாகப் பேசினார். "இது வாய்க்கட்டுப்பாடு இல்லாததால வந்தது இல்லம்மா. உங்க உடம்பு அப்படி. நீங்க எடையை இறக்க இறக்க அது ஏத்தப் பாக்கும்." அறுவை சிகிச்சை செய்து இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை மாற்றி இணைப்பது என்று முடிவானது.

நாத்தனாருக்கு, அதாவது அக்காவின் கணவருடைய தங்கைக்கு, அதே தெருவில் வீடு. செய்தி கேட்டதும் வந்து உட்கார்ந்து, "வாயைக் கட்ட முடியலைன்னு வயித்தைக் கட்டிக்கப் போறாங்களாமே அண்ணி! நோகாம இளைக்க நல்ல குறுக்குவழி" என்றாளாம்.

குறுக்குவழியாம். வயிற்றில் ஐந்து இடத்தில் துளை போட்டு, இரண்டு வாரம் வெறும் தண்ணீரும் தெளிந்த சூப்பும் ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்து, அதற்கப்புறம் குழைத்த உணவு, மூன்று வாரம் கழித்துத்தான் பல்லில் படுகிற மாதிரி ஏதாவது. ஆயுள் முழுக்க மாத்திரை. இதைக் குறுக்குவழி என்று சொல்பவர்களை அந்த வழியில் ஒரு நாள் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

நாலாவது வாரம் அக்கா வேலைக்குத் திரும்பினார். ஒன்றரை மாதத்துக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது. கணவர் எலக்ட்ரீஷியன், சனிக்கிழமைகளில்தான் அவருக்கு வேலை அதிகம். அதனால் கடைக்கு அழைத்துப் போகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கிற பெண் ஒரு பக்கத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தாள். முட்டை, தோல் நீக்கிய கோழி, முள் இல்லாத மீன், இனிப்புச் சேர்க்காத கெட்டித் தயிர், பருப்பு, புரதப் பவுடர். தினமும் அறுபது கிராம் புரதம் உள்ளே போயாக வேண்டும். முட்டை அளவு வயிற்றில் அறுபது கிராமை எப்படி நுழைப்பது? அதனால்தான் பவுடர். கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, "சர்க்கரை உள்ள எதுவும் கூடாது" என்று எழுதியிருந்தாள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரை வயிற்றில் தங்காமல் நேராகக் குடலில் போய் விழும். உடம்பு தாங்காது.

அந்த சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தால் இடுப்பிலிருந்து நெற்றி வரைக்கும் உள்ள தட்டுகளில் எல்லாம் இனிப்புத்தான். பருப்பு வேண்டுமென்றால் குனிய வேண்டும். அக்கா கைப்பையிலிருந்து அச்சக லென்ஸை எடுத்தார். ஒரு தயிர்க் கிண்ணத்தை லென்ஸில் பிடித்துப் பார்த்தார்.

"கொழுப்பு இல்லைன்னு மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கான் பாரு. கொழுப்பை எடுத்த இடத்துல சர்க்கரையைக் கொட்டியிருக்கான்."

அடுத்தது ஒரு பிஸ்கட். "ஒரு தடவை சாப்பிடும் அளவு ஒண்ணரை பிஸ்கட்டாம். மீதி அரை பிஸ்கட்டை யார் வீட்டுல எடுத்து வைக்கிறாங்க? இந்தக் கணக்கை வெச்சுத்தான் சர்க்கரை கம்மின்னு காட்டுறான்."

இன்னொரு பொட்டலத்தைத் திருப்பினார். "தேன், மால்ட் சாறு, கெட்டிப் பழச்சாறு. மூணும் சர்க்கரைதான். எது அதிகமோ அதைத்தான் பட்டியல்ல முதல்ல போடணும். ஒரே பேரைப் போட்டா முதல் இடத்துக்கு வந்துடும்னு மூணு வேஷம் போட்டு நிக்குது."

பட்டியலில் இருந்தது பத்துப் பன்னிரண்டு பொருள். வாங்கி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. இதற்கு நடுவில், அவர்கள் தெருவில் இருக்கிற ஒரு அம்மாள் எதிரே வந்து எங்கள் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கேட்கவே இல்லை, முட்டை அட்டையைத் தூக்கியே பார்த்தாள்.

"ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவு வாங்குறீங்களே! வயித்தைத்தான் வெட்டியாச்சே?"

"வயித்தைத்தான் வெட்டினாங்க. வாயை வெட்டலை. பதில் சொல்லட்டுமா?" என்றார் அக்கா.

அந்த அம்மாள் முட்டையை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவள் வண்டியில் என்னென்ன இருந்தது என்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. நம் வீட்டில் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

உடல்நலப் பொருட்கள் வரிசையில்தான் அந்த டப்பா இருந்தது. பச்சை நிறம். 'புரத பானம். சர்க்கரை இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஏற்றது.' அக்கா பின்பக்கத்தைப் படித்தார். பொருட்களின் பட்டியல் சுத்தமாக இருந்தது. நூறு கிராமுக்கு எழுபது கிராம் புரதம், சர்க்கரை பூஜ்யம். "அப்பாடா, ஒருத்தனாவது ஒழுங்கா இருக்கான்" என்று சொல்லி இரண்டு டப்பா எடுத்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, வேலை நடுவில், ஒரு டம்ளரில் அதைக் கலந்து மெதுவாகக் குடித்தார். "கொஞ்சம் இனிக்குது. இனிப்புச் சுவை வேற ஏதாவது சேர்ப்பாங்களாம்" என்றார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். முகம் வெளுத்து, வியர்வை சொட்டுகிறது. "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று எழுந்தவர் காகிதக் கட்டுகளைப் பிடித்தபடியே தரையில் சரிந்துவிட்டார். கையெல்லாம் நடுக்கம். வாந்தி. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே சாப்பிடலைம்மா, ஒண்ணுமே சாப்பிடலை" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நிலையிலும் அவர் பயந்தது யார் என்ன சொல்வார்களோ என்றுதான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பயந்தது சரிதான். ஆஸ்பத்திரியில் அந்த ஆலோசகர் பெண், "சர்க்கரை நிறைய உள்ள போயிருக்கு. இது அதோட அறிகுறிதான்" என்று சொன்னாள். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நான் புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"திருட்டுத்தனமா கேக்கு கீக்கு ஏதாவது உள்ள தள்ளியிருப்பாங்க. ஆசை எங்க போகும்?"

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷர்தான். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகக் கூட இருந்தவர். ஆனால் அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "நிஜமா சொல்லு... வேற எதுவும் சாப்பிடலையா? நான் திட்ட மாட்டேன்" என்றார்.

அக்கா முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பதினைந்து வருடம் வெந்த காயைத் தின்றவரிடம், வயிற்றில் ஐந்து தையலோடு இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சமையலறைக்குப் போய் அந்தப் பச்சை டப்பாவை எடுத்து வந்து மேசையில் டங்கென்று வைத்தார்.

"நான் குடிச்சது இது ஒண்ணுதான். அப்போ பொய் சொல்றது நானா, இதுவான்னு இப்பவே பார்த்துடலாம்."

லென்ஸை வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். இந்த முறை எழுத்தைப் படிக்கவில்லை, தாளைப் பார்த்தார். விரல் நகத்தால் ஓரத்தைத் தடவினார். "இது டப்பாவோட அச்சு இல்ல. மேல ஒட்டினது." முடி உலர்த்துகிற கருவியைக் கொண்டு வரச் சொல்லி, சூடான காற்றை ஓரமாகக் காட்டினார். பசை இளகியது. பொறுமையாக, கிழியாமல் உரித்தார். ஒட்டுச்சீட்டின் பின்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அதற்குக் கீழே டப்பாவின் சொந்த அச்சு: 'வளரும் குழந்தைகளுக்கான சுவை பானம்.' பொருட்களில் முதலாவது பால் பவுடர், இரண்டாவது சர்க்கரை. நூறு கிராமுக்கு நாற்பத்து மூன்று கிராம். முன்பக்கத்தையும் உரித்தார். ஒரு குழந்தை பல்லைக் காட்டிச் சிரித்தது.

நாத்தனார், "எனக்கு அப்பவே அந்த டப்பா மேல சந்தேகம்தான்" என்றாள். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

உரித்த சீட்டை அக்கா என் கையில் கொடுத்திருந்தார். வெட்டின ஓரத்தைப் பார்த்தேன். நாலு மூலையும் வளைவாக இருக்க வேண்டும். இடது கீழ் மூலை மட்டும் கொஞ்சம் தட்டை. என் இயந்திரத்தில் சீட்டை வெட்டுகிற கத்தி அச்சில் அந்த மூலை தேய்ந்திருக்கிறது. மாற்றித் தரச் சொல்லி ஆறு மாதமாக முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, இது நான் வெட்டினது."

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் வந்த அவசர வேலை அது. நான்காயிரம் டப்பாவுக்கான சீட்டு. பின்பக்கம் கறுப்புப் பூசிய தாளில் அடித்தது. கீழே எது அச்சாகியிருந்தாலும் மேலே தெரியாது. முகவரி மாறினால், எடை மாறினால் பழையதை மறைத்து ஒட்டுவதற்காக உள்ள தாள். நான் ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் வெட்டித் தள்ளினேன். அக்கா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நீ வெட்டுறவ. படிக்கிறது என் வேலை. என் நாற்காலி காலியா இருந்த வாரமாப் பார்த்து அடிச்சிருக்காங்க" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்குத் தேறவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் முதலாளி அறைக்குப் போனோம். அக்கா ஆர்டர் சீட்டைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தார். அனுப்பியது ஒரு மொத்த வியாபாரி. 'பழைய அச்சு எந்த வெளிச்சத்திலும் தெரியக் கூடாது' என்று அவன் கைப்படவே எழுதியிருந்தான். பிழை பார்த்தவர் கையெழுத்துப் போடும் கட்டத்தில் முதலாளியின் எழுத்து: 'அவசரம். பார்க்கத் தேவையில்லை.'

"வாடிக்கையாளர் கொடுத்ததை அடிச்சோம். டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் முதலாளி.

"உள்ள இருக்கிறது தெரிய வேண்டாங்க. எதை மறைக்கப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் தரையில விழுந்து கிடந்தேன். பக்கத்துல நின்னு பார்த்தீங்க."

"இது வெளிய போனா அச்சகத்தை மூடிடுவாங்க. பதினெட்டு குடும்பம் இருக்கு."

"அந்த நாலாயிரம் டப்பா எத்தனை குடும்பத்துக்குப் போயிருக்கு?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் எழுந்து, "நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வர இருபது நிமிஷம் ஆகும். யார் எதை நகல் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முழுக்கக் கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை.

நகலோடும் டப்பாவோடும் அன்று மதியமே உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும்? "அதுவரைக்கும் நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் எழுத்தர். அதுவரைக்கும் ஜனங்கள் குடித்துக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போனோம். கழுத்தில் டை கட்டிய மேலாளர், அக்கா சொன்னதைப் பாதியில் நிறுத்தினார்.

"எடை குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதானே மேடம் நீங்க? உங்க உடம்புக்கு எதுவுமே ஒத்துக்காது. வேற யாரும் குறை சொல்லலையே."

அக்கா நேராக அந்த வரிசைக்குப் போனார். தட்டில் இன்னும் ஒன்பது டப்பா இருந்தது. அதற்கு முன்னால் நின்று, வீட்டிலிருந்து கொண்டுபோன உரித்த டப்பாவை உயர்த்திப் பிடித்து, அதன் பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். திட்டவில்லை, கத்தவில்லை. அச்சகத்தில் நாங்கள் சரிபார்க்கும்போது ஒருவர் படிக்க ஒருவர் பார்ப்போமே, அந்தக் குரல். "பால் பவுடர். சர்க்கரை. மால்ட் சாறு. நூறு கிராமுக்குச் சர்க்கரை நாற்பத்து மூன்று கிராம்." முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து.

ஜனங்கள் நின்றார்கள். அதில் ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், கையில் அதே டப்பா இரண்டு வைத்திருந்தார். "என்னம்மா சொல்றீங்க?" என்று கிட்டே வந்தார். அக்கா லென்ஸைக் கொடுத்தார். அவர் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு வாரமா இதைத்தான் நானே கலக்கிக் கொடுக்கிறேன். சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. டாக்டர் அவளைத் திட்டினார். நானும்..." லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "ஒளிச்சு வெச்சு என்னத்தைத் தின்னேன்னு கேட்டேம்மா. அவ ரெண்டு நாளா என்கிட்ட பேசலை."

மேலாளர் காவலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். டிரைவர் அவர் முன்னால் போய் நின்றார். வாழ்நாள் முழுக்க நெரிசலில் வண்டி ஓட்டிய குரல் அது. "கூப்பிடுய்யா, காவலாளியைக் கூப்பிடு, போலீசைக் கூப்பிடு. நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். இந்த ஒன்பது டப்பாவும் என் கண்ணு முன்னால கீழ இறங்கணும்." சுற்றி நின்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். கால் மணி நேரத்தில் டப்பாக்கள் இறங்கின. மேலாளர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. "தற்காலிகமா எடுக்கிறோம்" என்றார்.

வீட்டில் கணவர் மன்னிப்புக் கேட்டார். சமையலறையில் அக்காவுக்கு முட்டையை மசித்துக்கொண்டே, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு" என்றாராம். "தப்புதான்" என்றாராம் அக்கா. பரவாயில்லை, விடுங்க என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

இரண்டரை மாதம் கழித்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்குள் அக்கா முப்பத்தொரு கிலோ இறங்கியிருந்தார், சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்தியிருந்தார். மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துதான் உறையைப் பிரித்தார். விற்காமல் தேங்கிய குழந்தைகள் பானத்தை அந்த வியாபாரி மாற்றி ஒட்டி விற்றது உறுதியாகியிருந்தது. கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள், மீதிச் சரக்கை அழித்துவிட்டார்கள். அச்சகத்துக்கு எச்சரிக்கை. எல்லாம் சரி. கடைசி வரியில், 'ஒட்டுச்சீட்டில் ஏற்பட்டிருந்த பிழை குறித்துத் தகவல் அளித்தமைக்கு நன்றி' என்று இருந்தது.

அக்கா முகம் சிவந்துவிட்டது.

"பிழையா? பத்தொன்பது வருஷமா பிழை பார்க்கிறேன், பிழைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? கை தவறி வர்றது பிழை. கண்ணு அசந்து வர்றது பிழை. கறுப்புத் தாள் கேட்டு வாங்கி, உட்கார்ந்து நாலாயிரம் ஒட்டினதுக்குப் பேரு பிழையா?"

சிவப்புப் பேனாவை எடுத்தார். 'பிழை' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். ஓரத்தில், நாங்கள் திருத்தம் போடுகிற மாதிரியே தெளிவான எழுத்தில், 'பொய்' என்று எழுதினார். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, அந்தக் கடிதத்தையே வேறு உறையில் வைத்து அவர்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதில் இன்னும் வரவில்லை. இந்த வாரம் இன்னொரு கடிதம் எழுதப் போகிறாராம். எழுதட்டும். தபால் ஆபீசுக்கு ஸ்கூட்டர் ஓட்ட நான் இருக்கிறேன்.